பந்தல் பிரியும்வரை

செல்லத்தாயை நாற்காலியில் உட்கார வைக்க ஜெபக்குமார் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். முதலில் கட்டில் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். விளங்காமல் போன வலது கையைத் தூக்கித் தன் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் "ஏசுவே" என்று சொல்லும் நேரம் பார்த்துத் தூக்க வேண்டும். அதற்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. அந்த ஒரு சொல்லில்தான் அவள் உடம்பு தானாகக் கொஞ்சம் எழும்பும். நாற்காலியில் வைத்த பிறகு, இடுப்புக்கு இரண்டு பக்கமும் பனியன் வேஸ்ட் துணி அடைத்த தலையணைகளைச் செருகி, சாய்கிற பக்கம் இன்னொன்றை முட்டுக்கொடுத்து, முந்தானையை மேலே போர்த்திவிட்டால் போதும். வயதான ஒரு அம்மாள் இளவெயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் வாசலில் நின்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

அப்படித் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

திருப்பூர் ராயபுரத்தில் சுப்பண்ணனின் காம்பவுண்டில் அவர்கள் குடியிருந்தார்கள். முன்பக்கம் சுப்பண்ணனின் மாடி வீடு. பின்பக்கம் ஒரு காலத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடிய நீளமான ஷெட்டைத் தடுத்து ஆறு லைன் வீடுகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். தடுப்புச் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டிலும் தும்முவார்கள். எல்லாருக்கும் சேர்த்து வெளியே போக ஒரே வாசல், அதுவும் சுப்பண்ணன் வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான். அந்த ஒற்றை வாசல்தான் பின்னால் வினையாக வந்தது.

செல்லத்தாய் ஜெபக்குமாருக்கு மாமியார். சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு கிராமம். மகள் விஜயராணிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது, சமைத்துப்போட ஆள் இல்லை என்று பை ஒன்றோடு திருப்பூருக்கு வந்தவள். மகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். விஜயராணிக்குக் குழந்தை இல்லை. காரியமெல்லாம் முடிந்து ஜெபக்குமார் தனியாகத் திரும்ப பஸ் ஏறினான். வண்டி நகர்ந்த பிறகு பார்த்தால், முன் சீட்டில் அதே பையை மடியில் வைத்துக்கொண்டு செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். மகன்கள் இருவரும் ஊரில் இருக்க, மருமகனோடு போவது முறையல்ல என்று அவளுக்குத் தெரியாதா? அவன் கேட்பதற்குள் அவளே சொன்னாள், ஜன்னலைப் பார்த்தபடி: "உங்களுக்கு யாரு சோறு வடிப்பா?"

அவள் வடித்தாள். அவன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு இறங்குகிற மாதிரி புளி கரைத்த ரசமும், ஊரிலிருந்து வரவழைத்த கருப்பட்டியில் காப்பியும் வைத்துக்கொடுத்தாள். அவன் சாப்பிடும்போது கதவுக்குப் பின்னால் நிற்பாள். நேருக்கு நேர் நின்று பேச மாட்டாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க" என்பது கதவு பேசுவது போலத்தான் இருக்கும். ஒரே அறையில், நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, மாமியாரும் மருமகனும் அந்த மரியாதை குறையாமல் சில வருடங்கள் இருந்தார்கள். பார்த்தவர்கள் ஒரு மாதிரிப் பேசவும் செய்தார்கள். அவள் காதில் விழுந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் குளியலறை வாசலில் விழுந்தாள். வலது பக்கம் போனது. பேச்சு குழறி, மெல்லத் திரும்பி வந்தது. கை கால் வரவில்லை.

அதன் பிறகு ஜெபக்குமாரின் நாள் வேறு மாதிரி ஆகிவிட்டது. எழுந்ததும் கஞ்சி. கஞ்சி புரையேறாமல் இருக்கத் தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது. மாத்திரையை எதில் பொடித்துக் கொடுத்தால் துப்பாமல் விழுங்குவாள் என்பது. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. கம்பெனியில் டீ டைம் விட்டதும் சைக்கிளில் ஓடிவந்து புரட்டிவிட்டு, டீ குடிக்காமல் திரும்ப ஓடுவான். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவன் என்பதால் யாரும் கேட்கவில்லை. குறைகிற கூலி அவனுடையதுதானே. கட்டிங் டேபிளில் விழுகிற இன்டர்லாக் துணியின் வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவான். வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிற மெத்தென்ற துணி. அதை மடித்துத்தான் அவளுக்கு அடியில் வைப்பான். நனைந்தால் அலசிக் காயப்போடுவான். லைன் வீட்டுக் கொடியில் வெள்ளை வெள்ளையாகத் தொங்கும் அந்தத் துண்டுகளைப் பார்த்தால் புதிதாகப் பிள்ளை பெற்ற வீடு என்றுதான் நினைப்பார்கள்.

குளிப்பாட்ட பக்கத்து வீட்டு அன்புசெல்வி வருவாள். காங்கேயத்துப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிற டெய்லர். "நீங்க வெளிய போய் நில்லுங்ணா, நான் பாத்துக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் ஷிப்மென்ட் நெருங்கினால் அன்புசெல்விக்கும் ஒன்றரை ஷிப்ட். அவள் வரும்வரை ஈரத்தில் கிடக்க முடியுமா? முதல் முறை ஜெபக்குமார் தானே துடைத்துவிடப் போனபோது செல்லத்தாய் இடது கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகன்கள் பார்க்காத உடம்பு. மருமகன். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றான். அப்புறம் என்ன தோன்றியதோ, சுவிட்சை அணைத்தான்.

"அத்தே, கரண்டு போயிட்டு."

பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கரண்டு இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"எப்பம் வருமாம்?" என்றாள்.

"இப்பம் வந்துரும்."

கதவையும் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, அந்த அரை இருட்டில் சுவரைப் பார்த்தபடியே வேலையை முடித்தான். சேலையைச் சரிசெய்துவிட்டு விளக்கைப் போட்டான். "வந்துட்டு" என்றான். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பகல் வேளையிலும் ஜன்னலைச் சாத்திவிட்டு, கரண்டு போயிட்டு என்பான். அவள் எப்பம் வரும் என்பாள். ஒரு முறை நிஜமாகவே கரண்டு போனபோது, "எதுக்கு மாப்ள, இப்பந்தான துணி மாத்துனிய?" என்று கேட்டாள். அன்றைக்கு அவளும் சிரித்தாள், அவனும் சிரித்தான்.

சித்திரை வெயிலில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் பெண், இருதயம் ரொம்பக் களைத்துவிட்டது, இனிமேல் அலைக்கழிக்காதீர்கள், கேட்டதைக் கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தன்மையாகச் சொன்னாள். ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கும்போதே லைன் வீடு முழுக்க அந்தச் செய்தி தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் சுப்பண்ணன் வந்தார்.

உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றார். நல்ல மனிதர். விஜயராணி போனபோது வண்டி பிடித்துக் கொடுத்தவர். ரொம்ப நேரம் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கீர்த்தனாளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறமுங்க. முகூர்த்தக்கால் நட்டாச்சு. இனி முற்றம் பூராவும் பந்தல் போட்டுருவாங்க. அந்தம்மாளுக்கு எதாச்சும் ஒண்ணுன்னா..." நிறுத்திக்கொண்டார். "இருக்கறது ஒரே வாசலுங்க. கல்யாணப் பந்தலுக்கு அடியில எப்பிடிங்க கொண்டு போறது? சம்பந்தி ஊட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா?"

கல்யாணம் முடிகிறவரை ஊரில் கொண்டுபோய் வைத்திருந்துவிட்டுக் கூட்டிவந்துவிட முடியுமா என்று கேட்டார். காருக்குத் தானே ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இருப்பதாக ஜெபக்குமாருக்குத் தோன்றவில்லை. அவர் மகள் கீர்த்தனா அவன் பார்க்க வளர்ந்த பெண். வீட்டில் அம்மா காப்பி குடிக்காதே என்று திட்டினால், பின்பக்கம் ஓடிவந்து செல்லத்தாயிடம் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவள்.

மச்சான்களுக்குப் போன் போட்டான். பெரிய மச்சான், வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம், சிமென்ட் தூசி ஆகாதே என்றான். சின்னவன், கொண்டாங்க, வேண்டாம்னா சொல்லுதேன், ஆனா இங்க யாரு பாக்க என்று கேட்டான். ஜெபக்குமார் போனை வைத்தான். எட்டு மணி நேரம் வண்டியில் போனால் தாங்குவாளா என்று டாக்டரிடம் கேட்டபோது அவள் தாங்காது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் சுப்பண்ணனைப் பார்த்து, "அத்தைக்கு இப்ப தேவலைங்க. எந்திரிச்சு உக்காருறாங்க" என்று சொல்லிவிட்டான்.

சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தால், செல்லத்தாய் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தாள். கூரைவரை போகாத சுவர். முந்தின நாள் வாசலில் பேசியதும் அவளுக்குக் கேட்டிருக்கும், இதுவும் கேட்டிருக்கும்.

"உக்காத்தி வையுங்க மாப்ள," என்றாள். "நான் உக்காருவேன். என்னைய அங்க அனுப்பிராதிய."

அயர்ன் மாஸ்டர்களுக்கு ஒரு கைவேலை உண்டு. தைத்து வந்த பனியன் அளவில் கொஞ்சம் குறைந்திருந்தால், ஆவி காட்டி, சூட்டோடு சூடாக இரண்டு பக்கமும் இழுத்து, அளவுக்குக் கொண்டுவந்து மடித்துவிடுவார்கள். சரக்கு வாங்குகிற பையர் கம்பெனி ஆள் டேப் வைத்துப் பார்க்கும்போது சரியாக இருக்கும். செக்கிங்கில் பாஸாகிவிடும். ஒரு தண்ணீர் பட்டால் பழையபடி சுருங்கிவிடும் என்பது இழுத்தவனுக்குத் தெரியும். ஆனால் அது பெட்டி கட்டி, கப்பல் ஏறிப்போன பிறகு யார் பாடோ. ஜெபக்குமார் இதில் கெட்டிக்காரன். பக்கத்து டேபிள்காரர்கள்கூடத் தேறாத பீஸை அவனிடம்தான் தள்ளுவார்கள். வீட்டிலும் அவன் அதைத்தான் செய்தான். அது வேறு, இது வேறு என்று அப்போது உறைக்கவில்லை.

காலையில் செல்லத்தாயின் நூல் சேலையைக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு விறைப்பாக உடுத்தச் சொல்லி அன்புசெல்வியிடம் கொடுப்பான். விறைப்பான சேலையில் உடம்பு மெலிந்தது தெரியாது. முகத்தில் பவுடர், தலையில் எண்ணெய். வீங்கிய காலை மூட ஒரு துண்டு. வாசலில் நாற்காலி. அந்த வீட்டில் இருந்ததே ஒரு நாற்காலிதான். சுப்பண்ணன் மோட்டார் போட வரும் நேரம், அவர் மனைவி மாரக்காள் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் நேரம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவர்கள் வருவதற்குச் சற்று முன் உட்கார வைத்து, போனதும் படுக்க வைப்பான்.

செல்லத்தாயும் சளைக்கவில்லை. மாரக்காள் எட்டிப் பார்த்தால் இடது கையைத் தூக்கி, "வாங்க, காப்பி குடிச்சாச்சா?" என்று விசாரிப்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்கான மூச்சைச் சேர்த்து வைத்திருப்பாள். மாரக்காள் போன பிறகு உதடு நீலம் பாரித்துவிடும்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்குக்கூட இம்புட்டு நேரம் உக்காரல மாப்ள," என்றாள் ஒரு நாள். "அன்னைக்கு காப்பியக் குடுத்துட்டு உள்ள ஓடிட்டேன்."

"இன்னைக்கு பொண்ணு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாவ அத்தே," என்றான் ஜெபக்குமார். அவள் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

பந்தல் போட்டார்கள். வாழை மரம் கட்டினார்கள். பொட்டலம் பொட்டலமாகச் சாமான்கள் இறங்கின. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அன்று காலையே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் சுப்பண்ணனின் பெரியப்பா கந்தப்பன். முட்டி தேய்ந்து தடி ஊன்றி நடந்தாலும் அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. வந்ததும் வராததுமாக, பின்னால் கடைசி ஊட்டில் யாரோ சீக்காய்க் கிடக்கிறார்களாமே என்று கேட்டிருக்கிறார். மாரக்காள் முகம் வெளிறிப்போய்ப் பின்பக்கம் வந்தாள்.

"அம்மா இன்னிக்கு மட்டும் கொஞ்சம் வெளிய உக்காந்திருந்தாங்கன்னா நல்லதுங்க தம்பி. பெரியவரு வந்து பாப்பாரு."

அன்றைக்கு செல்லத்தாய்க்கு முடியவில்லை. விடிந்ததிலிருந்தே கஞ்சி இறங்கவில்லை. கை விரல் குளிர்ந்திருந்தது. "ஏசுவே" என்று சொன்னாள், ஆனால் உடம்பு எழும்பவில்லை. ஜெபக்குமார் முழுப் பாரத்தையும் தூக்கினான். தலையணைகள் போதாமல் அன்புசெல்வி தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தாள். அவளை மாரக்காள் மண்டபத்தில் பெண்ணுக்குத் துணையாக இருக்கக் கூப்பிட்டிருந்ததால், பட்டுச் சேலையில் நின்றுகொண்டே செல்லத்தாய்க்குத் தலை வாரிவிட்டாள்.

கந்தப்பன் தடியைத் தட்டிக்கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார். ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மிணி, சௌரியமா?"

செல்லத்தாய் மூச்சை இழுத்தாள். "சௌரியந்தான். நீங்க சாப்ட்டியளா?"

கந்தப்பன் திரும்பி, கூட வந்தவர்களிடம், "நல்லாத் தெம்பாத்தான இருக்கறாங்க. ஆருடா சீக்குன்னது?" என்றார். பாஸ். ஜெபக்குமாருக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைப் பிறகு அவனால் மறக்க முடியவில்லை.

அவர் போனார். ஆனால் மற்றவர்கள் போகவில்லை. பின்பக்கக் குழாயில் கை கழுவ, குழந்தைகளுக்குக் கால் கழுவிவிட, வெற்றிலை துப்ப என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படுக்க வைக்கத் தூக்கினால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். மத்தியானம் தாண்டியது. பந்தலில் மேளம் தொடங்கியது. செல்லத்தாய் அவன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"இன்னைக்கிக் கொஞ்சம் படுத்துக்கிடட்டுமா மாப்ள?"

ஜெபக்குமார் வாசலை எட்டிப் பார்த்தான். குழாயடியில் நான்கைந்து பெண்கள் நின்றார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் அத்தே. பொண்ணு கிளம்பிரட்டும்."

"சரி," என்றாள்.

பால் காய்ச்சிக் கொண்டுவரலாம் என்று உள்ளே போனான். ஆற்றி எடுத்துவந்து உதட்டில் வைத்தான். பால் வாய்க்குள் போகவில்லை. உதட்டோரமாக வழிந்து கஞ்சி போட்ட சேலையில் இறங்கியது. தலை, முட்டுக்கொடுத்த தலையணையில் பாந்தமாகச் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. விரலை மூக்கில் வைத்துப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். குழாயடியில் ஒரு குழந்தை செருப்பைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்தது.

பெண் கிளம்பவில்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

சாவு வீடு என்றால் முதலில் ஒரு பெண்ணின் குரல் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் தெரு ஓடிவரும். அந்த அறையில் குரல் எடுக்கப் பெண் யாரும் இல்லை. இருந்த ஒருத்தியும் நாற்காலியில் இருந்தாள். ஜெபக்குமார் வாயைத் திறக்கவில்லை. பிறகு குனிந்து, அந்த வலது கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, வழக்கமாகத் தூக்குவது போலத் தூக்கினான். "வாங்க அத்தே, செத்த நேரம் படுங்க" என்று குழாயடிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான். கட்டிலில் கிடத்தி, கண்ணை மூடிவிட்டு, கழுத்துவரை போர்த்தினான்.

வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. கீர்த்தனா. பட்டும் நகையும் பூவுமாக, பின்னால் இரண்டு தோழிகளோடு நின்றாள். கிளம்புகிற நேரத்தில் பின்பக்கம் எதற்கு என்று யாரோ திட்டுவது கேட்டது.

"பாட்டி எங்கண்ணா?"

"படுத்துட்டாங்க கண்ணு. இப்பந்தான் தூங்குறாங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் உயரத்துக்கு உள்ளே கட்டில் தெரியாது.

"எழுப்ப வேண்டாம். கல்யாணம் முடிஞ்சு வந்து பாக்கறேன்னு சொல்லிருங்ணா. மறந்துறாதீங்க."

சொல்கிறேன் என்றான். அவள் முன்னே போக, கால்கள் தாமாகவே அவனையும் இழுத்துப்போயின. பந்தலில் கார் நின்றது. மாரக்காள் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உடைந்தாள். அதைப் பார்த்து அத்தைகள், சித்திகள், அன்புசெல்வி எல்லாரும் அழுதார்கள். கீர்த்தனா மை கலைய அழுதாள். வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெபக்குமாருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. வாயைப் பொத்தினான். விரல்களுக்கிடையே வெளியே வந்தது. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்று அவன் அழுதான். அங்கே அழுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

"பெத்தவனாட்டம் அழுகறான் பாரு," என்றார் கந்தப்பன்.

மாரக்காள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் வந்தாள். "அழுகாதீங்க தம்பி. எங்க போயிட்டா? இந்தா இருக்கற காங்கேயத்துக்குத்தான? நெனச்சாப் போயிப் பாத்துட்டு வந்தர்லாம்."

அவன் தலையாட்டினான்.

கார்களும் வேனும் கிளம்பிப்போயின. லைன் வீட்டுக்காரர்களும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். முட்டி வலியால் வீட்டுக்குக் காவலாகத் தங்கிவிட்ட கந்தப்பன் மட்டும் வாசலில் ஒரு சேரில் உட்கார்ந்திருந்தார். பந்தலில் சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்.

ஜெபக்குமார் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான். கீர்த்தனா சொல்லச் சொன்னதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். கல்யாணம் முடிந்து வந்து பார்ப்பாளாம். வெந்நீர் வைத்தான். இனி அன்புசெல்விக்காகக் காத்திருக்க முடியாது. துணியை நனைத்துப் பிழிந்தான். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். சுவிட்சை அணைத்தான்.

"அத்தே, கரண்டு போயிட்டு," என்றான்.

கொஞ்சம் பொறுத்திருந்தான். பிறகு சுவரைப் பார்த்தபடி துடைத்துவிட ஆரம்பித்தான். சேலையைச் சரிசெய்த பிறகும் அவன் விளக்கைப் போடவில்லை.

போனில் ஒரு ஆம்னி வேனுக்குச் சொன்னான். செல்லத்தாயை மறுபடியும் நாற்காலியில் வைத்து, பனியன் துண்டுகளை நீளமாகக் கிழித்து, வலிக்காத மாதிரி இடுப்பிலும் மார்பிலும் சேர்த்துக் கட்டி, மேலே போர்வை போர்த்தினான். நெற்றி வேர்வையைத் துடைப்பது போல ஒரு துணியையும் கையில் வைத்துக்கொண்டான். பல்பு மாட்டுகிறவர்களைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு கை பிடியுங்கள் என்றான். அவர்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். செல்லத்தாய் கல்யாணப் பந்தலுக்கு அடியில், வாழை மரங்களுக்கு நடுவில் போனாள். கூடாது என்று எது சொல்லப்பட்டதோ அதுவேதான் நடந்தது. ஜெபக்குமார் பக்கத்தில் நடந்துகொண்டே, "இந்தா வந்துட்டு அத்தே, இந்தா ஆச்சு" என்று பேசிக்கொண்டு போனான்.

கந்தப்பன் எழுந்து தடியை ஊன்றினார். "ஏனுங்க, மத்தியானம் நல்லாத்தான உக்காந்திருந்தாங்க?"

"மூச்சு முட்டுதாம் ஐயா."

"ஒண்ணும் ஆகாது. கூட்டிட்டுப் போங்க, ஊசி போட்டாச் சரியாயிரும்."

ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அங்கிருந்தே ஊருக்கு வண்டி பிடித்தான். ஊரில் அழுகைக்குக் குறைவில்லை. வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்த பெரிய மச்சான் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வைத்து, கோயில் மணி அடிக்கச் செய்தான். மருமகள்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். மூத்தவள் ஜெபக்குமாரைப் பார்த்து, கடைசி நேரத்துல வீட்டுல வச்சுப் பாக்காம ஆசுவத்திரிக்கு இழுத்துக்கிட்டு அலைஞ்சியளே என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். விஜயராணிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. வைத்துவிட்டுத் திரும்பினான். இந்த முறை பஸ்ஸின் முன் சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

அன்புசெல்வியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். நாம உக்கார வெக்காம இருந்திருந்தா இன்னும் நாலு நாள் இருந்திருப்பாங்களாண்ணா என்று கேட்டாள். அவனுக்கும் அதுதான் கேள்வி. சுப்பண்ணன் துக்கம் விசாரிக்க வந்தவர், நல்ல ஆத்மா, எங்களுக்கு ஒரு இடைஞ்சல் குடுக்காமப் போயிட்டாங்க என்று கண் கலங்கினார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீர்த்தனா மாப்பிள்ளை சிவபிரகாஷோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த கையோடு பின்பக்கம் வந்தாள். பந்தல் எப்போதோ பிரித்தாகிவிட்டது. பந்தல்கால் குழிகளை மூடிய இடத்தில் மட்டும் மண் புதிதாக இருந்தது. மாப்பிள்ளையை உட்கார வைக்க ஜெபக்குமார் அந்த நாற்காலியைத்தான் எடுத்துப்போட்டான். கீர்த்தனா நின்றபடியே கட்டிலைப் பார்த்தாள். மடித்து அடுக்கிய வெள்ளைத் துண்டுகள் அதன்மேல் இருந்தன.

"நான் வந்து பாக்கறேன்னு சொன்னத பாட்டிகிட்டச் சொன்னீங்களாண்ணா?"

"சொன்னேன் கண்ணு."

"என்ன சொன்னாங்க?"

ஜெபக்குமார் நாற்காலியைப் பார்த்தான். மாப்பிள்ளை கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"சரின்னாங்க," என்றான்.

கருப்பட்டி எடுக்க உள்ளே போனான்.